ஆம்பூரில் விழுந்த பொய்ப் புள்ளி

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது என் பிழைப்பு. நெதர்லாந்தின் ஒரு சிற்றூரில், காற்றாலைகளுக்குக் கீழே மைக்குகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, எந்த இறக்கையின் எந்த ஓரம் அதிகமாக இரைகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பிறந்தது நாகர்கோவில். ஆரல்வாய்மொழிக் காற்றில் வளர்ந்தவளுக்குக் காற்றே சோறு போடட்டும் என்று எழுதியிருக்கிறது போலும்.

இந்த முறை என்னை ஆம்பூருக்கு இழுத்தது ஒரு விசில் சத்தம். அங்கே ஒரு ஷூ கம்பெனி. அதன் சரக்கை வாங்குகிறவர்கள் எங்கள் நாட்டுக் கடைக்காரர்கள். தெருவில் விசில் சத்தம் தாங்க முடியவில்லை என்று அக்கம்பக்கத்தார் மனு கொடுத்துவிட, அதைத் தீர்த்துவிட்டு வாருங்கள், பிறகு ஆர்டர் பேசலாம் என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஆடி மாதம், ஐந்து நாள், நான் ஒருத்தி.

சென்னையில் இறங்கியபோது மைக்குகள் தோள்பையில் பத்திரமாக இருந்தன. அவற்றைப் பொருத்துகிற சட்டங்கள் இருந்த நீளப் பையைக் காணோம். வளைந்த ஐந்து கைகள் கொண்ட சுருள் சட்டம் அது. கவுன்டரில் இருந்த பெண், "நாளைக்கு வந்துடும் மேடம், வேலூர்ல கலெக்ட் பண்ணிக்கலாம்" என்றாள். நாளை என்பது நம் ஊரில் தேதி அல்ல, ஆறுதல். இதே பதிலை ஆம்ஸ்டர்டாமில் கேட்டிருந்தால் கோபம் வந்திருக்கும். இங்கே தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆம்பூர் நெருங்குவது மூக்குக்குத்தான் முதலில் தெரியும். தோல் நாற்றம், அதன் மேல் பிரியாணி வாசம். இரண்டாம் நாள் முதலாவது மறந்துவிடுகிறது. மற்றது ஊரை விட்டுப் போன பிறகும் மறப்பதில்லை.

மறுநாள் காலை கம்பெனி வாசலில் நின்றேன். மாதனூர்ப் பக்கமிருந்து வந்த பஸ்கள் பெண்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தன. ஒரே நிற ஏப்ரன், கையில் டிபன் பை, வாயில் பேச்சு. நெதர்லாந்தில் காலை ரயிலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். இங்கே இறங்குவதற்குள் ஒரு குடும்பக் கதையையே முடித்துவிடுகிறார்கள்.

முதலாளியை எல்லாரும் நிசார் பாய் என்கிறார்கள். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. டீ வரவழைத்துவிட்டுத் தம்பியோடு உருதுவில் போன் பேசினார். பக்கத்தில் நின்ற ஒல்லியான மனிதர் எனக்கு ரகசியமாக மொழிபெயர்த்தார்: "வெளிநாட்டம்மா வந்துட்டாங்க, பாக்க ஸ்கூல் புள்ள மாதிரி இருக்காங்க, மெஷின் ஒண்ணையும் காணோம்னு சொல்றாரு." மொழிபெயர்த்தவர் பெயர் தனபால். மாதனூர்க்காரர், ஐம்பது தாண்டியவர். கம்பெனியில் ஃபிட்டர், வெல்டர், எலெக்ட்ரீஷியன் எல்லாம் அவரே. இருபது வருஷத்துக்கு மேல் அதே ஸ்பேனரோடு இருக்கிறாராம்.

விவகாரம் அவருடைய குழாய்தான். தோலுக்குச் சாயம் தெளிக்கிற பிரிவிலிருந்து காற்றை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் குழாய் பழசாகிவிட்டதால், சித்திரையில் தனபால் புதிதாகச் செய்து வைத்தார். சாய வாடை தெருவில் இறங்கக் கூடாது என்று அதன் வாயை வாத்துக் கழுத்து மாதிரி வளைத்துப் பின்பக்க வயலைப் பார்க்கத் திருப்பினார். ஆனி பிறந்து காற்று வீசத் தொடங்கியதும் விசில் ஆரம்பித்துவிட்டது. மோட்டாரை நிறுத்திப் பார்த்தார்களாம். ஒரு நாள் சத்தம் நின்றது, ஒரு நாள் நிற்கவில்லை. மோட்டார் நின்றாலும் வளைந்த வாயில் காற்று ஊதத்தானே செய்யும் என்று ஊரே தீர்ப்பு எழுதியிருந்தது.

"ரிப்போர்ட்ல அந்தக் குழாய்னு வந்துச்சுன்னா குழாயும் போவும், இவனும் போவான்" என்றார் நிசார் பாய், தனபாலை எதிரில் வைத்துக்கொண்டே. "யாரைக் கேட்டு வளைச்சேன்னா பதிலே இல்ல. ஆர்டரே நின்னு போச்சு."

தனபால் சிரித்துச் சமாளித்தார். பிறகு என்னிடம் தனியாக, "பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருஷம் மேடம். கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க" என்றார். நான் எப்போதும் சொல்கிற பதிலைச் சொன்னேன்: "நான் எதுவும் பண்ண மாட்டேன் அண்ணே. மைக் சொல்றதைத்தான் சொல்லுவேன்." அப்போது அந்தப் பதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நீளப் பை வரவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று தனபாலிடம் இரண்டு அலுமினியச் சட்டம் கேட்டேன். அவர் அவற்றைச் சிலுவையாகப் பூட்டி, அடிக்கு ஒன்றாகத் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் மைக் உட்காரும்படி ரப்பர் வளையமும் வைத்துக் கொடுத்தார். மயிரிழை பிசகவில்லை. அவ்வளவு சுத்தமான வேலையை எங்கள் பட்டறையில்கூடப் பார்த்ததில்லை.

என் தொழிலின் சூட்சுமம் ஒன்றும் பெரிதல்ல. ஒரு சத்தம் எல்லா மைக்குக்கும் ஒரே நொடியில் வந்து சேர்வதில்லை. பக்கத்து மைக்குக்கு முதலில், தூரத்து மைக்குக்குக் கொஞ்சம் பிந்தி. அந்தப் பிந்தலைக் கணக்குப் போட்டால் சத்தம் வரும் திசை தெரிந்துவிடும். கூடவே எடுத்த போட்டோவின் மேல், சத்தம் பிறக்கும் இடத்தில் கம்ப்யூட்டர் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும். ஒரே ஒரு ஆபத்து உண்டு. மைக்குகளைச் சம இடைவெளியில் வைத்தால், கீச்சுக் குரலில் வரும் சத்தத்துக்கு இரண்டு புள்ளி விழும். ஒன்று நிஜம், மற்றது பொய். இரண்டும் ஒரே சிவப்பு, ஒரே அளவு. அதனால்தான் எங்கள் சட்டங்கள் கோணல்மாணலாக வளைந்திருக்கின்றன. இது முதல் வருஷ மாணவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

மூன்று மணிக்குக் காற்று வந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மியைப் பார்க்கவில்லை, வாட்ச்மேனின் தொப்பி பறந்தது. பின்னாலேயே விசில் எழுந்தது. ஒற்றைச் சுருதி, பல் கூசுகிற மாதிரி. இந்த வகைச் சத்தம் தெருவில் நான்கு சுவரிலும் மோதி எல்லாப் பக்கமிருந்தும் வருவது போலக் காதை ஏமாற்றும். தனபால் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, தெருவின் எதிர்ச்சாரியை மோவாயால் காட்டினார்.

"எனக்கு இன்னாவோ அந்தாண்டை இருந்து வர்ற மாதிரி இருக்கு மேடம்."

அளந்தேன். இரண்டு புள்ளிகள் விழுந்தன. ஒன்று குழாயின் வளைந்த வாய்க்குப் பக்கத்தில். இன்னொன்று படத்தின் ஓரத்தில், எதிர்ச்சாரி வீடு ஒன்றின் மாடியில். மாடியில் என்ன சத்தம் வரப்போகிறது? அது பொய்ப் புள்ளி என்று முடிவு கட்டி, படத்தின் அந்த ஓரத்தை வெட்டி எறிந்தேன். தனபாலின் குற்றமற்ற சிலுவைதான் தனபாலையே காட்டிக் கொடுத்தது. நானோ அவர் காதை நம்பவில்லை.

நாலரை மணிக்கு நிசார் பாய் பிரியாணி தருவித்தார். சீரகச் சம்பா அரிசி, கூடவே புளிப்பான கத்திரிக்காய். முள்ளு கத்திரிக்காய் என்றார், வேலூர்ப் பக்கத்து விளைச்சலாம். இரண்டாவது முறை பரிமாறியபோது, "ரிப்போர்ட் அப்புறம் எழுதுங்க. சும்மா வாயால சொல்லுங்க, நம்ம குழாய்தானே?" என்று கேட்டார்.

"அப்படித்தான் தெரியுது" என்றேன். நான்கு நாள் கழித்துச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. பிரியாணி நன்றாக இருந்தது, அவர் அன்பாகக் கேட்டார், வேறு காரணம் எனக்கே தெரியவில்லை.

மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, பை வேலூர் வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. பஸ் ஏறினேன். மாதனூர் தாண்டி டயர் வெடித்தது. இறங்கி நின்ற அரை மணியில், பக்கத்தில் நின்ற அம்மாள் என் சம்பளம் தவிர எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். நான் பேசும் தமிழைக் கேட்டு, "நீங்க மலையாளமா மா?" என்றார். நாகர்கோவில் என்றேன். "அதான்" என்று திருப்தியடைந்தார்.

பார்சல் ஆபீஸ் லாங் பஜாருக்குள் இருந்தது. ஆட்டோ உள்ளே வராது என்பதால் என் பை வெங்காய மூட்டைகளோடு தள்ளுவண்டியில் ஊர்வலம் போயிற்று. பைக்குள் இருந்ததைக் காப்பீடு செய்ய எங்கள் ஆபீஸ் மூன்று கடிதம் எழுதியிருந்தது. திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் பையைத் தட்டிப் பார்த்து, "இன்னா மா இது, கல்யாணப் பந்தல் கொம்பா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது.

நான் கம்பெனிக்குத் திரும்பும்போது மணி மூன்றரை. ஜும்மா தொழுகை முடிந்து மெஷின்கள் மறுபடி ஓடிக்கொண்டிருந்தன. நிசார் பாய் சென்னைக்குப் போயிருந்தார். தனபால் அரை நாள் லீவு என்றார்கள். சுருள் சட்டத்தை விரித்து, மைக்குகளை மாட்டி, காற்று எழுந்ததும் அளந்தேன்.

ஒரே ஒரு புள்ளி விழுந்தது. குழாயில் இல்லை. நேற்று நான் வெட்டி எறிந்த ஓரத்தில், எதிர்ச்சாரி மாடியில்.

மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் அங்கேதான். எனக்குக் காது மடல் சுட்டது. வெட்கம் அப்படித்தான் வருகிறது எனக்கு. நிசார் பாய்க்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. காலையில் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அது என் இரண்டாவது தப்பு.

அந்த மாடி ஹசீனா டீச்சருடையது. மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். பெண் என்பதால் கேள்வி கேட்காமல் மேலே கூட்டிப்போனார். கைப்பிடிச் சுவருக்கு மேல் ஆள் உயரத்துக்குத் தகடுகள் நின்றன. தகடு முழுக்கச் சுண்டுவிரல் நுழையாத ஓட்டைகள், வரிசை வரிசையாக. என்ன இது என்று கேட்டேன்.

"டாகிள் தட்டு மா. ஈரத்தோலை இழுத்து இதுல கிளிப் போட்டுக் காய வைப்பாங்க. கம்பெனிக்குப் புது மெஷின் வந்துச்சா, பழசைத் தூக்கிப் போட்டாங்க. தனபாலுதான் கொண்டாந்து நட்டுக் குடுத்தாரு, சித்திரையில."

ஆம்பூரில் டாகிள் தட்டு குப்பைக்குப் போகாதாம். கோழிக்கூண்டாகும், கதவாகும், ஜன்னலாகும். ஆனால் இவ்வளவு உயரத்தில், காற்றுக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள். மேலிரண்டு வரிசை ஓட்டைகளில் காற்று புகும்போது ஒவ்வொன்றும் ஒரு புல்லாங்குழல். குழாயும் தட்டும் ஒரே மாதத்தில் வந்தவை என்பதால் பழி முழுவதும் குழாயின் மேல் விழுந்துவிட்டது.

படத்தைக் காட்டினேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "யா அல்லா. என் வீட்டுச் சத்தத்துக்கு நானே மனு எழுதினேனா?" என்றவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "தட்டை எடுக்கணுமா மா?"

எடுத்தால் என்ன என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஐந்தரைக்கு ஷிப்ட் முடிந்ததும் புரிந்தது. ஏப்ரனைப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு ஏழெட்டுப் பெண்கள் மாடியேறினார்கள். அரசுத் தேர்வுக்கு டீச்சரிடம் படிக்கிறார்கள். கடைசி பஸ் வரைக்கும் கணக்கு, பொது அறிவு. கம்பெனியின் மாடி ஜன்னல் நேராக இங்கேதான் பார்க்கிறது. வேலையை விட்டுப் போக வழி தேடுகிறாள் என்று சூப்பர்வைசருக்குத் தெரிந்தால், நல்ல லைனிலிருந்து தூக்கிவிடுவார். அதற்குத்தான் இந்த மறைப்பு.

அவர்களில் ரேவதி என்று ஒருத்தி, ஷூவின் மேல்தோலைத் தைப்பவள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தட்டில் விரலை ஓட்டினாள். "ஓட்டை விளிம்பு கத்தியாட்டம் இருக்கு மேடம். தட்டை இன்னாத்துக்குக் கழட்டணும்? மேல ரெண்டு வரிசைக்குத் தோல் பட்டி ஒட்டிட்டா போச்சு."

கழிவுத்தோல் பட்டிகளும் ஷூ ஒட்டும் பசையும் அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் கிடைக்கும். பொது அறிவுக்கு அன்று விடுமுறை. வெளிச்சம் இருக்கும்போதே ஒட்டி முடித்தார்கள். காற்று அடித்துக்கொண்டேயிருந்தது, சத்தம் மட்டும் இல்லை. இதே வேலைக்கு நாங்கள் ஒரு கமிட்டி போட்டு, செயற்கையாகக் காற்று ஊதும் காற்றுச் சுரங்கத்தில் மாதிரி வைத்து, ஆறு மாதம் எடுத்திருப்போம்.

"புள்ளைங்க விஷயம் வெளிய வராம முடிச்சுடுங்க மா" என்றார் டீச்சர். பார்க்கிறேன் என்று தலையாட்டினேன். சத்தம் நின்றுவிட்டது, இனி யாருக்கு என்ன என்று நினைத்தேன். அன்றிரவு நன்றாகவே தூங்கினேன்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் போனால், முற்றத்தில் தனபாலின் குழாய் கிடந்தது. கழுத்தோடு வெட்டப்பட்ட வாத்து. நிசார் பாய் சென்னையிலிருந்தே உத்தரவு போட்டிருக்கிறார். ஷிப்டுக்கு முன்னால் தனபாலே கேஸ் கட்டர் வைத்து அறுத்து இறக்கியிருக்கிறார். டூல் ரூம் சாவியையும் கொடுத்துவிட்டார். கம்பெனி பஸ் சாயங்காலம்தான் என்பதால், அந்தக் குழாயின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

நிசார் பாய் கையைப் பிடிக்காத குறையாக வந்தார். "மேடம், உங்க மெஷின் சூப்பர்! காலைல குழாயை இறக்கினதுல இருந்து சத்தம் சுத்தமா இல்ல. பாத்தீங்களா?"

நான் சொன்னது தப்பு என்றேன். பொய்ப் புள்ளியை விளக்கினேன். இரண்டு படத்தையும் காட்டினேன். சத்தம் கம்பெனியிலிருந்து வரவில்லை, பக்கத்தில் ஒரு தகரத்திலிருந்து வந்தது, அதைச் சரிசெய்தாகிவிட்டது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், நீங்க நல்லவங்க. அவன் பொண்ணு படிக்குதுன்னு அழுதிருப்பான். குழாய் இருந்துச்சு, சத்தம் இருந்துச்சு. குழாய் இல்ல, சத்தம் இல்ல. இதுக்கு மேல எனக்கு எந்தப் படம் வேணும்?"

நானே அவர் இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். தனபாலிடம் போனேன். உங்கள் காதுக்குத் தெரிந்திருந்ததே, ஏன் அறுத்தீர்கள் என்று கேட்டேன்.

"சந்தேகமாத்தான் மேடம் இருந்துச்சு. ஆனா நீங்க அவ்ளோ தூரத்துல இருந்து மெஷின் எடுத்தாந்து சொல்றீங்க. நம்ம காது இன்னா பெரிய காதுன்னு விட்டுட்டேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

தெருவைக் கடந்து டீச்சரிடம் சொன்னேன். ஒட்டியதைப் பிய்த்தால் சத்தம் திரும்ப வரும், வந்தால்தான் அவர் நம்புவார், ஆனால் முற்றத்தில் நிற்கும் எல்லாரும் இந்த மாடியைத்தான் பார்ப்பார்கள் என்றேன். டீச்சர், "தனபாலு குடுத்த தட்டு மா இது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பட்டியை இழுத்தார். வரவில்லை. ஷூ பசை ஒரு ராத்திரியில் கல்லாகிவிட்டிருந்தது. நகம் உடைந்ததுதான் மிச்சம்.

பிய்க்கத் தெரிந்தவர்கள் எதிரே தையல் ஹாலில் இருந்தார்கள். நான் போய் ரேவதியிடம் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தி, தோல் சீவும் கத்தியை எடுத்துக்கொண்டாள். "எங்க மா போற?" என்று சூப்பர்வைசர் குரல் கொடுத்தார். "டியூஷனுக்கு" என்றாள் ரேவதி. அவள் எழுந்ததைப் பார்த்து இன்னும் மூன்று பேர் எழுந்தார்கள். ஏப்ரனோடேயே தெருவைக் கடந்து, எல்லார் கண்ணுக்கும் முன்னால் மாடியேறினார்கள்.

பட்டிகள் உரிந்து விழுந்தன. ஆனால் காற்று இல்லை. காற்றுச் சுரங்கம் என்றால் ஒரு பொத்தானை அழுத்துவோம். ஆம்பூரில், காற்று வரும்வரை இருந்து கேளுங்கள் என்று நிசார் பாயை முற்றத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். நிசார் பாய் வாட்சைப் பார்த்தார், ஆபீசுக்குள் போய்விட்டு வந்தார், மறுபடி பார்த்தார். தனபால் குழாயை விட்டு எழவில்லை. மாடியில் நான்கு பெண்களும் டீச்சரும் தட்டுக்கு மேலே தலை தெரிய ஸ்டூல்களில் ஏறி நின்றார்கள். இறங்கிப் போகச் சொல்லி யாரோ கத்தினார்கள். அவர்கள் இறங்கவில்லை.

பதினொன்றரை வாக்கில் வேப்பமரம் முதலில் அசைந்தது. அப்புறம் விசில் வந்தது. அதே ஒற்றைச் சுருதி, அதே பல்கூச்சம். நிசார் பாய் தரையில் கிடந்த குழாயைப் பார்த்தார். பிறகு மாடியைப் பார்த்தார். அங்கே நின்றவர்களை ஒவ்வொருவராக அடையாளம் கண்டுகொண்டார் என்று முகத்தில் தெரிந்தது.

"தனபாலு, அதைத் தூக்கி மாட்டு" என்றார்.

தனபால் எழுந்தார். குழாயைத் தொடவில்லை. "மாட்றேன் பாய். மேல நிக்குதுங்களே, அதுங்களை இன்னா பண்ணப் போறீங்க? மொதல்ல அதைச் சொல்லுங்க."

காற்று விடாமல் ஊதிக்கொண்டிருந்தது. நிசார் பாய் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஓட்டையை அடைச்சுட்டு லைனுக்கு வரச் சொல்லு. சாயங்காலம் எங்க போனா எனக்கு இன்னா?"

தனபால் குனிந்து குழாயின் ஒரு முனையைப் பிடித்தார். மைக் பையைக் கீழே வைத்துவிட்டு மறுமுனையை நான் பிடித்தேன். கனமாகத்தான் இருந்தது.